குருமனையில் ஒரு கொலை: ஏமாற்றம் தந்த நாவல் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

துப்பறியும் கதை என்றாலே அது வெறும் பொழுதுபோக்கு, பாடநூலுக்கு அடியில் மறைத்து வைத்துப் படிக்கத்தக்கது என்று எண்ணுவோர் பலர். ஆனால் நாம் நாள்தோறும் கையில் எடுக்கும் திருவிவிலியத்திலேயே ஒரு சிறந்த துப்பறியும் கதை இருக்கிறது. தானியேல் நூலின் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சூசன்னா என்னும் நல்லாள்மீது மதிப்புமிக்க முதியோர் இருவர் பொய்க்குற்றம் சாட்டுகின்றனர். ஊரும் நம்பிவிடுகிறது. அவளைக் கொலைக்களத்துக்கு அழைத்துச் செல்லும் வேளையில் இளைஞரான தானியேல் குறுக்கிடுகிறார். இரு முதியோரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் அவளைக் கண்டீர் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்ல, மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். பொய் வெளிப்பட்டுவிடுகிறது, ஓர் உயிர் காப்பாற்றப்படுகிறது. டாரதி சேயர்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1928-இல் தொகுத்த துப்பறியும் கதைத் தொகுதியில் இதனையும் ஒரு கதையாகச் சேர்த்தார் என்றால் அதன் சிறப்பை நாம் உணரலாம்.

ஆகவே கிறிஸ்தவ வாழ்வுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு புதிதன்று. குற்றம், சாட்சி, மனச்சான்று, மனமாற்றம் ஆகிய நான்கும் இரண்டுக்கும் பொதுவானவை. இந்த எண்ணத்தோடுதான் இவ்வாண்டு நம் இலக்கிய மன்றத்தில் அகதா கிறிஸ்டி எழுதிய 'மர்டர் அட் தி விகரேஜ்', அதாவது 'குருமனையில் கொலை' என்னும் நாவலை எடுத்துக்கொண்டோம். குருமனையில் நிகழும் கதை. குருவே சொல்லும் கதை. உதவிக் குரு, கோயில் நிர்வாகி, காணிக்கைப் பணம், மறையுரை என எல்லாம் அமைந்த கதை. படித்து முடித்தபோதோ நம்மில் பலருக்கு மனம் நிறையவில்லை. ஏன் நிறையவில்லை? நூலின் குறையா, நம் எதிர்பார்ப்பின் குறையா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதையின் முடிவைச் சொல்லாமல் இந்த ஆய்வைச் செய்ய இயலாது. தாமே படித்து அறிய விரும்பும் தோழியர் நூலை முடித்துவிட்டு இப்பக்கத்துக்குத் திரும்புவார்களாக.

ஆசிரியரும் நூலும்

அகதா கிறிஸ்டி 1890-இல் இங்கிலாந்தில் பிறந்து 1976-இல் மறைந்தவர். ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆயினும் கத்தோலிக்கருக்கு அவர்மீது தனி அன்பு கொள்ளக் காரணம் ஒன்றுண்டு. பழைய இலத்தீன் திருப்பலி இங்கிலாந்தில் அடியோடு மறைந்துவிடக் கூடாது என்று 1971-இல் எழுத்தாளரும் கலைஞரும் பலர் கையொப்பமிட்டுத் திருத்தந்தை ஆறாம் பவுலுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினர். அதில் கிறிஸ்டியும் கையொப்பமிட்டிருந்தார். திருத்தந்தை இசைவளித்த அந்த ஆணையை இன்றும் 'அகதா கிறிஸ்டி ஆணை' என்றே பலரும் அழைக்கின்றனர்.

நம் நாவல் 1930-இல் வெளியானது. மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய பெண்மணி துப்பறியும் முதல் நாவல் இதுவே. இவர் வரும் நாவல்கள் மொத்தம் 12. காவல் துறையோடு எத்தொடர்பும் இல்லாதவர், திருமணம் ஆகாதவர், தோட்டத்தில் களை பிடுங்கியபடியே தெருவில் நடப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவர். தம் பாட்டியிடம் கண்ட ஒரு குணத்தை இவருக்கு அளித்ததாகக் கிறிஸ்டி எழுதியிருக்கிறார். இனிமையாகப் பேசிக்கொண்டே, எவரைப் பற்றியும் மிக மோசமானதையே எதிர்பார்ப்பதும், அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பலித்துவிடுவதுமே அக்குணம்.

கதைச் சுருக்கம்

செயின்ட் மேரி மீட் என்னும் சிற்றூர். கதை சொல்பவர் அவ்வூர்ப் பங்கின் குருவான லெனர்டு கிளெமண்ட். ஆங்கிலிக்கன் சபையில் குருக்கள் மணம் செய்துகொள்ளலாம் ஆதலால் அவருக்குக் கிரிசெல்டா என்னும் இளம் மனைவி உண்டு. கர்னல் புரோதெரோ என்பவர் அவ்வூரின் செல்வர், மாஜிஸ்திரேட், கோயில் நிர்வாகி. கடுமையான மனிதர், அவரை விரும்புவோர் ஊரில் இல்லை. அவரைக் கொல்பவன் உலகுக்கு நன்மை செய்தவன் ஆவான் என்று, சாப்பாட்டு மேசையில் இறைச்சியை அறுத்துக்கொண்டே குருவே வாய்தவறிச் சொல்லிவிடுகிறார்.

காணிக்கைப் பணத்தில் ஒரு பவுன் நோட்டைக் காணவில்லை. கோயில் கணக்குகளைச் சரிபார்க்க மாலையில் குருமனைக்கு வருவதாகக் கர்னல் சொல்கிறார். அந்த வேளையில், தொலைவில் ஒருவர் சாகக் கிடக்கிறார் என்று பொய்யான தொலைபேசிச் செய்தி வந்து குருவை வெளியே அழைத்துச் சென்றுவிடுகிறது. அவர் திரும்பி வரும்போது தம் படிப்பறை மேசையிலேயே கர்னல் சுடப்பட்டு இறந்துகிடக்கக் காண்கிறார்.

கர்னலின் மனைவி ஆன், இளம் ஓவியர் லாரன்ஸ் ரெட்டிங் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் விரும்பியவர்கள். ஓவியர் தாமே சென்று காவலரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்; பின்னர் மனைவியும் ஒப்புக்கொள்கிறார். இரண்டு வாக்குமூலங்களும் நேரக் கணக்கோடு பொருந்தாமல் போகவே, ஒருவரை ஒருவர் காப்பாற்ற முயன்ற நிரபராதிகள் என்று இருவரும் விடுவிக்கப்படுகின்றனர். பிறகு சந்தேகம் ஊர் முழுவதும் சுற்றிவருகிறது. கர்னல்மீது பகை கொள்ளக் காரணம் உள்ளவர் ஏழு பேரேனும் இருக்கக் கூடும் என்கிறார் மிஸ் மார்ப்பிள். கடைசியில் அவர் காட்டும் உண்மை இதுதான்: முதலில் ஒப்புக்கொண்டு முதலில் விடுவிக்கப்பட்ட அந்த இருவருமே சேர்ந்து திட்டமிட்டுச் செய்த கொலை அது.

ஒரு நூல் மூவருக்குக் கடன்பட்டது

கிறிஸ்தவத் துப்பறியும் கதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது எவ்வாறு இருக்க வேண்டும்? நம் மன்றத்தில் நீண்ட நேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அத்தகைய கதை மூவருக்குக் கடன்பட்டிருக்கிறது. முதலாவது, வாசகருக்கு, அவரை ஏமாற்றாமல் சான்றுகளை நேர்மையாகக் காட்ட வேண்டும். இரண்டாவது, வீண்பழிக்கு ஆளானவர்களுக்கு. சூசன்னாவைத் தானியேல் காத்ததுபோல் அவர்கள் பெயரைக் காக்க வேண்டும். மூன்றாவது, குற்றவாளிக்கு, அவரும் ஆன்மா உடையவர் என்பதை மறக்கக் கூடாது. இந்த மூன்று கடன்களையும் இந்நாவல் எந்த அளவுக்குத் தீர்த்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாசகருக்கு உரிய கடன்

துப்பறியும் கதைக்குச் சட்டம் வகுத்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்றால் வியப்பாக இருக்கும். ரொனால்டு நாக்ஸ் என்பவர் ஆங்கிலிக்கன் ஆயர் ஒருவரின் மகனாகப் பிறந்து, 1917-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்து குருவானவர். பின்னாளில் திருவிவிலியத்தைத் தனி ஒருவராக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பேரறிஞரும் அவரே. 1929-இல் அவர் துப்பறியும் கதைக்கென்று பத்துக் கட்டளைகள் வகுத்தார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே தலைகாட்டியிருக்க வேண்டும். பேய் பிசாசுகளைக் கொண்டு புதிரை அவிழ்க்கக் கூடாது. துப்பறிபவரே குற்றவாளியாக இருக்கக் கூடாது. அவர் காணும் தடயங்களை உடனே வாசகருக்கும் காட்டிவிட வேண்டும் என்பன அவற்றுள் சில. விளையாட்டாக எழுதியவைதாம், ஆனால் உள்ளே இருப்பது நேர்மை என்னும் அறம்.

இந்த அளவுகோலில் நம் நாவல் தேறிவிடுகிறது. கொலையாளிகள் இருவரும் கதைத் தொடக்கத்திலேயே நம்முன் நிற்கின்றனர். காட்டுப் பாதையில் ரெட்டிங் கையில் ஒரு பாறைக் கல்லைச் சுமந்து வருவதைக் குரு பார்க்கிறார். மிஸ் மார்ப்பிளின் தோட்டத்துக்குக் கொண்டுபோவதாக அவர் சொல்கிறார். நாமும் அதைப் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். மிஸ் மார்ப்பிள் மட்டும், அது தம் தோட்டத்தில் வைக்கத்தக்க வகைக் கல்லே அன்று என்பதைக் கவனிக்கிறார். பின்னர் காட்டில் கேட்ட வெடியோசை பிக்ரிக் அமிலத்தால் உண்டாக்கிய பொய்யோசை என்றும், அந்தக் கல் அதற்கே பயன்பட்டது என்றும் தெரியவரும்போது, நம் கண்முன் இருந்ததை நாம் காணவில்லையே என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

ஆனால் இங்கே ஒரு குறையும் உண்டு. கதையில் ஆட்கள் மிகுதி. போலித் தொல்பொருள் ஆய்வாளர் ஒருவர் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடுகிறார். மர்மப் பெண் ஒருவர் தம் பழைய வாழ்வை மறைத்துக்கொண்டு ஊரில் வந்து தங்குகிறார். உதவிக் குரு பணத்தைக் கையாடுகிறார். ஒவ்வொரு கிளைக்கதையும் மையக் கதையிலிருந்து நம்மை இழுத்துச் செல்கிறது. இது நம் கருத்து மட்டுமன்று. ஆசிரியர் இறந்தபின் 1977-இல் வெளிவந்த அவரது தன்வரலாற்றில், இந்நூல் தமக்கு முன்போல் நிறைவளிக்கவில்லை என்றும், பாத்திரங்களும் கிளைக்கதைகளும் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்றும் அவரே எழுதியிருக்கிறார். உலகப் புகழ் பெற்ற பின்னும் தம் நூலைத் தாமே எடைபோட்ட அந்த நேர்மையை நாம் போற்ற வேண்டும்.

ஊர்ப்பேச்சுக்கு ஆளானவர்க்கு உரிய கடன்

நாவலின் தொடக்கத்தில் குருமனையில் ஒரு தேநீர் விருந்து நடக்கிறது. மிஸ் மார்ப்பிளும் வேறு மூன்று பெண்மணிகளும் கூடுகின்றனர். யார் யாரோடு நடந்து போனார்கள், எந்த வீட்டு விளக்கு எந்நேரம் வரை எரிந்தது, புதிதாக வந்த பெண் ஏன் எவரோடும் பழகுவதில்லை என்று பேச்சு ஓடுகிறது. நகைச்சுவை ததும்பும் அத்தியாயம்; படிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியாது. குரு மெல்லக் கண்டிக்கிறார். அதற்கு மிஸ் மார்ப்பிள் தரும் விடை சிந்திக்கத்தக்கது. வீண்பேச்சு தவறுதான், அன்பற்றதுதான், ஆனாலும் அது பலமுறை உண்மையாகவே இருந்துவிடுகிறதே என்கிறார் அவர்.

தோழியரே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். உண்மையாக இருந்துவிட்டால் பேசலாமா? பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் எட்டாம் கட்டளையை விளக்கும்போது, 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் மூன்று குற்றங்களைப் பிரித்துக் காட்டுகிறது. போதிய ஆதாரமின்றிப் பிறரிடம் குற்றம் உண்டென்று மனத்துக்குள் தீர்மானிப்பது ஒன்று. பிறரிடம் உண்மையாகவே உள்ள குறையைத் தக்க காரணமின்றி, அறியாதவரிடம் எடுத்துச் சொல்வது இரண்டு. பொய்யைச் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது மூன்று. ஆக, உண்மையைச் சொன்னாலும் குற்றமாகலாம் என்பதே திருச்சபையின் போதனை. நம் வள்ளுவப் பெருந்தகையும் புறங்கூறாமைக்கென்று தனி அதிகாரமே வகுத்தாரன்றோ!

மிஸ் மார்ப்பிளை மற்ற மூவரோடு ஒன்றாகக் கட்டிவிடுவது நியாயமாகாது. அவர்கள் பேசுகிறார்கள், அவரோ பெரும்பாலும் பார்க்கிறார், பார்த்ததைத் தாம் முன்பு அறிந்த மனிதரோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கிறார். உதவிக் குரு ஹாஸின்மீது கொலைப்பழி வந்து விழ இருந்த வேளையில் அவர் குற்றமற்றவர் என்று விளக்குபவரும் அவரே. அந்த அளவில் அவர் தானியேலின் வழியில் நிற்கிறார். ஆனால் ஊர்ப்பேச்சால் புண்பட்ட மற்றவர்களுக்கு நூல் என்ன செய்தது? குருவின் இளம் மனைவியைப் பற்றிப் பேசிய நாக்கு வருந்தியதா? தனியே வந்து தங்கிய அந்தப் பெண்ணின் துயரம் தெரிந்தபின் எவரேனும் அவரிடம் மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. ஊர்ப்பேச்சு கொலையாளியைப் பிடிக்க உதவியது என்பதோடு அதன் கணக்கு முடிந்துவிடுகிறது. இந்தக் கடன் பாதியே தீர்ந்தது எனலாம்.

குற்றவாளிக்கு உரிய கடன்

நாவலில் நம் மனத்தை மிகவும் தொடும் இடம், ஒரு ஞாயிறு வழிபாட்டில் குரு ஆற்றும் மறையுரை. நேர்மையாளரைத் தேடி அன்று, பாவிகளைத் தேடியே தாம் வந்ததாக ஆண்டவர் கூறும் நற்செய்திப் பகுதியை அவர் எடுத்துக்கொள்கிறார். வழக்கமாக அமைதியாகப் பேசும் அவர் அன்று தம்மையும் அறியாமல் உணர்ச்சிவயப்பட்டுப் பேசுகிறார். அச்சொற்கள் ஹாஸின் நெஞ்சைத் தைக்கின்றன. பின்னர் ஒருநாள் இரவு குருமனைத் தொலைபேசி ஒலிக்கிறது. ஒரு குரல், தான் குற்றத்தை அறிக்கையிட வேண்டும் என்று கதறுகிறது. அதற்குள் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஹாஸ் தம் அறையில் நினைவிழந்து கிடக்கக் காண்கிறார் குரு. அவர் உண்ணும் மருந்து வில்லையை மாற்றி வைத்து, அவரே கொலைசெய்து தற்கொலையும் செய்துகொண்டார் என்று காட்ட ரெட்டிங் செய்த சூழ்ச்சி அது.

ஒரு கிறிஸ்தவ நாவல் பிறக்க வேண்டிய இடம் இதுவே. பாவி ஒருவன் கதவைத் தட்டுகிறான். திறக்கக் கடமைப்பட்ட குரு அப்பக்கம் நிற்கிறார். ஹாஸ் பிழைத்தபின் அவ்விருவரும் என்ன பேசியிருப்பார்கள் என்று அறிய நம் மனம் ஏங்குகிறது. நூலோ அந்த இடத்தை நமக்குக் காட்டவில்லை. ஹாஸின் திருட்டுக்கு அவருக்கு முன்பு வந்த மூளைக்காய்ச்சல் காரணம் என்னும் மருத்துவ விளக்கம் வந்துவிடுகிறது. குற்றங்கள் நோயே, குற்றவாளிகளைத் தூக்கிலிட்டோமே என்று பிற்காலத்தார் நடுங்கும் நாள் வரும் என்று டாக்டர் ஹேடாக் வாதிடும் பகுதியும் நாவலில் உண்டு. ஒருவகையில் அவர் முன்னறிந்து கூறியது நடந்தது. பிரிட்டனில் கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனை 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டு 1969-இல் நிலையாக நீக்கப்பட்டது. மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று 2018-இல் திருத்தந்தை பிரான்சிசும் மறைக்கல்வி நூலில் திருத்தம் செய்தார். ஆயினும் பாவி என்று ஒருவரை அழைப்பதற்கும் நோயாளி என்று அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. நோயாளிக்கு மருந்து போதும். பாவிக்கு மன்னிப்பு வேண்டும், அதைக் கேட்கும் உரிமையும் வேண்டும்.

ஆன், ரெட்டிங் ஆகியோர் நிலை இதனினும் மோசம். மிஸ் மார்ப்பிள் விரித்த வலையில் இருவரும் சிக்கியதும், மீதிக் கதை சில வரிகளில் முடிக்கப்படுகிறது. கொலைக்கு முன்பு குருவிடம் வந்து தன் துயரைக் கொட்டியவள் அந்த ஆன். அவளைச் சிறையில் சென்று குரு சந்தித்தாரா? அவள் அழுதாளா? ஒன்றும் தெரியவில்லை. இறந்துபோன கர்னலுக்காக மனம் உருகும் ஒரு பக்கமும் நமக்குக் கிடைக்கவில்லை. கொலையுண்டவர் புதிரின் முதல் துண்டு; கொலையாளிகள் அதன் கடைசித் துண்டு. துண்டுகள் பொருந்தியதும் பெட்டி மூடப்படுகிறது. நம் ஏமாற்றத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு சிறுகதையோடு ஒப்பீடு

வேறு எவ்வாறு எழுதியிருக்க முடியும் என்று கேட்போருக்கு ஒரு சிறுகதையை விடையாகத் தரலாம். ஜி. கே. செஸ்டர்டன் படைத்த அருட்தந்தை பிரவுன் கதைகளின் முதல் தொகுதி 1911-இல் வெளிவந்தது. அதிலுள்ள 'தி ஹேமர் ஆஃப் காட்', அதாவது 'கடவுளின் சுத்தியல்' என்னும் கதையும் ஒரு சிற்றூரில், ஒரு கோயிலருகே நடப்பதே. மேட்டின் உச்சியில் கோயில். அதன் அடியில் கொல்லுப்பட்டறை. ஒழுக்கங்கெட்ட ஒரு கர்னல் பட்டறை வாசலில் மண்டை நொறுங்கிக் கிடக்கிறார். அருகே ஒரு சிறு சுத்தியல். இத்தனை சிறிய சுத்தியல் இத்தனை பெரிய அடியை எவ்வாறு தந்தது என்பதே புதிர்.

கொன்றவர் கர்னலின் தம்பி, அக்கோயிலின் குரு, இறைப்பற்று மிக்கவர். உயரமான இடங்களில் நின்று செபிக்கும் பழக்கமுள்ள அவர், கோபுரத்திலிருந்து கீழே பார்த்தபோது அண்ணன் ஒரு பூச்சிபோல் தெரிந்தான். தாம் கடவுளின் இடத்தில் நின்று தீர்ப்பளிப்பதாக எண்ணிச் சுத்தியலை நழுவவிட்டார். உண்மையை அறிந்த அருட்தந்தை பிரவுன் ஊரைக் கூட்டவில்லை. குற்றவாளியோடு தாமும் அதே கோபுரத்தில் ஏறி நிற்கிறார். அவர் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழப் போகும்போது இழுத்துப் பிடிக்கிறார். எல்லாத் தீமையின் வித்தும் தம் நெஞ்சிலும் உண்டு என்று சொல்கிறார். குற்றத்தில் கூட அவரிடம் எஞ்சியிருந்த சிறு நன்மையை எடுத்துக் காட்டுகிறார். இதைத் தாம் வெளியிடப் போவதில்லை, முடிவு உம்முடையது என்று விட்டுவிடுகிறார். இருவரும் படியிறங்கி வருகின்றனர். அந்தக் குரு தாமாகவே சென்று காவல் அதிகாரியிடம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார்.

சில பக்கங்களே கொண்ட இக்கதை நம்மை விட்டு நீங்க மறுக்கிறது. இதற்கும் நம் நாவலுக்கும் வேறுபாடு எங்கே இருக்கிறது? மிஸ் மார்ப்பிளும் அருட்தந்தை பிரவுனும் மனிதரின் தீமையை நன்கு அறிந்தவர்களே. அவர் அதை வேலிக்கு அப்பால் அயலாரைப் பார்த்துப் பார்த்துக் கற்றார். இவரோ பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்தும், தம் உள்ளத்தையே சோதித்தும் கற்றார். செஸ்டர்டன் இப்பாத்திரத்தைப் படைக்கத் தூண்டுகோலாக இருந்தவர் ஜான் ஓகானர் என்னும் உண்மையான கத்தோலிக்கக் குரு. யார்க்ஷயரில் அவரோடு உரையாடியபோது, உலகின் தீமையைப் பற்றித் தம்மைவிட அவர் மிகுதியாக அறிந்திருப்பதைக் கண்டு செஸ்டர்டன் திகைத்தார். அன்றே வேறிரு மாணவர்கள், மடத்துக்குள் வாழும் குருமார்க்கு உலகம் என்ன தெரியும் என்று பேசியதையும் கேட்டார். அந்த முரணிலிருந்தே அருட்தந்தை பிரவுன் பிறந்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதினார். அப்போது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922-இல்தான் திருச்சபையில் சேர்ந்தார், அதுவும் அதே ஓகானர் அடிகளார் உடனிருக்க.

லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வரும் பரிசேயரையும் வரிதண்டுபவரையும் நினைத்துப் பாருங்கள். ஒருவர் அயலாரைப் பார்த்து, தாம் அவர்போல் இல்லை என்று மகிழ்கிறார். மற்றவர் தம்மையே பார்த்து மார்பில் அறைந்துகொள்கிறார். துப்பறிபவர் இவ்விருவரில் எவரைப்போல் நிற்கிறார் என்பதைப் பொறுத்தே ஒரு துப்பறியும் கதை கிறிஸ்தவக் கதையாவதும் ஆகாததும்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இங்கே நம் மன்றத்தில் ஒரு தோழி எழுப்பிய மறுப்பைச் சொல்லியாக வேண்டும். கிறிஸ்டி எங்கேனும் தாம் கிறிஸ்தவ நாவல் எழுதுவதாகச் சொன்னாரா? புதிர்க்கதை எழுதினார், புதிர் நன்றாக இருக்கிறது. மாமரத்தில் பலாப்பழம் இல்லை என்று குறைகூறுவது முறையா என்று அவர் கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் குருமனையையும் மறையுரையையும், அறிக்கையிட வேண்டும் என்னும் குரலையும் கதைக்குள் கொண்டுவந்தவர் ஆசிரியரே. பாவமன்னிப்பை ஒரு திருப்பமாக மட்டும் பயன்படுத்திவிட்டு அப்பால் சென்றதையே நாம் குறை என்கிறோம்.

மேலும், ஆசிரியர் அங்கேயே நின்றுவிடவில்லை. 20 ஆண்டுகள் கழித்து, 1950-இல் அவர் எழுதிய 'எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு' என்னும் நாவலும் ஒரு சிற்றூர்க் கதையே. துப்பறிபவர் அதே மிஸ் மார்ப்பிள். அதில் கொலையாளி தான் செய்ததை எண்ணி அழும் கண்ணீர் உண்மையான கண்ணீர். அவர் இயல்பில் கொடியவர் அல்லர், வலுவற்றவர் என்று மிஸ் மார்ப்பிள் இரக்கத்தோடு விளக்குகிறார். அந்நூலின் முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. முதல் நாவலில் ஏமாற்றம் அடைந்தவர்கள் அதனையும் படித்துப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். 'குருமனையில் கொலை' வாசகருக்கு நேர்மையாக நடந்துகொள்கிறது, கூட்டம் மிகுந்தாலும். பழிக்கு ஆளானவருக்குப் பாதி நியாயம் செய்கிறது. குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறது, ஆனால் கண்டுபிடித்ததோடு விட்டுவிடுகிறது. யார் செய்தது என்னும் கேள்விக்கு முழுமையான விடை தருகிறது. செய்தவர் கதி என்ன என்னும் கேள்வியைக் கேட்கவே இல்லை.

இந்த இரண்டாம் கேள்வி நாவல்களுக்கு மட்டும் உரியதன்று. விடுதியில் பணம் காணாமற்போகும்போதும், வகுப்பில் ஒருத்தியின் பேனா தொலையும்போதும் முதல் கேள்வி எத்தனை வேகமாக எழுகிறது! மாலைக்குள் ஒரு பெயர் வாய்மாறி வாய்மாறிச் சுற்றிவருகிறது. அந்தப் பெயருக்கு உரியவள் நிரபராதியாக இருந்தால் அவளுக்கு ஒரு தானியேல் வேண்டும். அவளே எடுத்திருந்தாலோ அவளோடு கோபுரத்தில் ஏறி நின்று கையைப் பிடித்துக் கீழே அழைத்துவர ஒருவர் வேண்டும். இரண்டுக்கும் ஆள் இல்லாமல், வேலிக்கு இப்பால் நின்று பார்ப்பவர்கள் மட்டும் நிறைந்திருந்தால், எடுத்தவள் யார் என்று தெரிந்தும் பயன் இல்லை.

ஆகவே நூலகத்தில் அடுத்த துப்பறியும் கதையை எடுக்கும்போது மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்துக்கொள்வோம். இந்த ஆசிரியர் எனக்குச் சான்றுகளை மறைக்காமல் காட்டினாரா? பழிசுமந்த நிரபராதியின் பெயர் மீட்கப்பட்டதா? குற்றம் செய்தவரிடம் எவரேனும் போய்ப் பேசினார்களா? மூன்றுக்கும் ஆம் என்று விடை தரும் நூல் அரிது. கிடைக்கும்போது அதனைத் தோழியர்க்குச் சொல்வோம். கிடைக்காதபோதும் இறுதிவரை படித்து, எங்கே குறை என்று கண்டறிந்து, காரணத்தோடு எழுதி வைப்போம்.

நம் மன்றத்தில் அடுத்து எடுத்துக்கொள்ள இருப்பது 'கடவுளின் சுத்தியல்' கதையே. அதனையும் இதே மூன்று கேள்விகளால் சோதிப்போம். நமக்குப் பிடித்த கதை என்பதற்காக ஒரு கேள்வியையும் விட்டுவிட மாட்டோம்.